பெயரும் நிலமும் வாக்கும்: கல்வராயன் மலை மக்களின் உரிமை வரலாறு

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அங்கிருந்து இறங்கி வரும் கோமுகி ஆறு நம் வயல்களை நனைக்கின்றது. ஆயினும் அம்மலை மக்கள் குடியுரிமை பெற்ற வரலாற்றை நம்முள் பலர் அறியார். ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் வரலாறு ஒடுக்கப்பட்ட பிறர்க்கும் பாடமாகும். ஆகவே இளைஞர்கள் இதனை அறிதல் வேண்டும்.

முதலாவது, பெயர். இம்மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் மலையாள மொழி பேசுவோர் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்களே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் தாம் என்பது அவர்தம் மரபுக் கதை. தம்மைக் காராளர் என்றும் கூறிக்கொள்வர். பழங்குடியினர் பட்டியலோ இவர்களை மாவட்டத்தின் பெயரோடு சேர்த்தே குறித்தது. சேலம், தென்னார்க்காடு முதலியன அதில் இடம்பெற்றன, ஈரோடு இடம்பெறவில்லை. அதனால் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் சாதிச் சான்றுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. பெயரின் அருமை நமக்குத் தெரியாததா? பிறர் சூட்டிய இழிபெயரை நீக்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயரைச் சென்னை அரசு ஏற்கச் செய்ய, நம் முன்னோர் 1922 வரை போராடினர் அன்றோ?

இரண்டாவது, நிலம். இம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1963-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1976-இல்தான் ஜாகீர் ஆட்சி நீங்கி மலை அரசின் நேர் நிருவாகத்தின்கீழ் வந்தது. சமவெளியில் எழுதப்பட்ட சட்டம் மலையேற இத்தனை ஆண்டுகள் ஆயின!

மூன்றாவது, வாக்கு. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டென அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயினும் இம்மக்களுக்கு 1996-இல்தான் வாக்குரிமை கிடைத்தது எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் பல உயிர்களைப் பறித்த 2024-ஆம் ஆண்டில், மலைமக்களின் வாழ்நிலையை அந்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டபோதுதான் இச்செய்தி நாடறிய வெளிவந்தது.

இத்தகைய குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபோது, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அரபு மக்கள் அதன் எல்லைக்குள் எஞ்சினர். 1949-இல் நடந்த முதற்பொதுத் தேர்தலிலேயே அவர்கள் வாக்களித்தனர். ஆனால் 1966 வரை அவர்தம் ஊர்களில் இராணுவ ஆட்சியே நிலவியது. ஊர்விட்டு ஊர் செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. நிலங்கள் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்து 1976 மார்ச் 30-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அறுவர் உயிரிழந்தனர். அந்நாளை அவர்கள் நில நாள் எனப் போற்றுகின்றனர். 2018-இல் இயற்றப்பட்ட சட்டமோ, நாட்டின் தன்னாட்சி உரிமை யூதர்க்கே உரியது என வரையறுத்து, அரபு மொழியின் ஆட்சிமொழித் தகுதியையும் நீக்கியது.

அங்கே வாக்கு முந்தியது; நிலம் பறிபோனது. இங்கே ஜாகீர் ஒழிந்தது. வாக்கு இருபது ஆண்டுகள் பிந்தியது. பெயர், நிலம், வாக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே கைவந்தாலன்றிக் குடியுரிமை முழுமை பெறாது என்பதே இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை.

இளைஞர்களே! 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நில உரிமைக் கோரிக்கையைப் பெற்று ஆராயும் பணியைக் கிராம சபையிடமே ஒப்படைத்துள்ளது. அம்மன்றத்தில் எழுந்து பேசவும், மனு எழுதவும், ஆவணத்தைப் படித்துணரவும் வல்லார் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். படித்த நாம் படியாதார்க்குக் கையாக நிற்போம். சட்டம் தானே மலையேறாது. அதனைச் சுமந்து செல்லும் தோள்கள் வேண்டும். அத்தோள்கள் நம்முடையனவாகுக!