குளமும் கோலும்

அரசு எதன்பொருட்டுத் தோன்றிற்று? மக்கள் அதற்கு ஏன் அடங்கி நடத்தல் வேண்டும்? மேனாட்டில் இவ்வினாவுக்கு விடை கூறியவருள் மூவர் தலையாயவர். மனிதர் ஒருவரையொருவர் அஞ்சியமையால் அரசு பிறந்தது என்றார் ஹொப்ஸ். தம் உடைமையைக் காத்தற்பொருட்டு அதனை அமைத்தனர் என்றார் லொக். மக்கள் அனைவரினதும் பொதுவிருப்பே அதற்கு அடிப்படை என்றார் ரூசோ. ஆயினும் வன்னி நிலத்துக் குளக்கட்டின்மீது நின்று நோக்குவோர்க்கு இவ்வினா வேறொரு வடிவிலே தோன்றும். மாரி நீரைத் தேக்கிப் பகிர்தற்கு மேலிருந்து ஆளும் கோல் வேண்டுமா? அன்றி, ஊராரின் உடன்பாடே போதுமா?

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. பாலி மொழியிலுள்ள தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தம், அரசின் தோற்றத்தை நெல்லோடு தொடர்புபடுத்திக் கூறுகின்றது. ஆதியில் நெல் தானே விளைந்தது. மக்கள் அதனைச் சேர்த்து வைக்கத் தலைப்பட்டதும் விளைவு குன்றியது. பின்னர் வயல்களை வரம்பிட்டுப் பிரித்தனர். ஒருவன் தன் பங்கிருக்கப் பிறன் பங்கைக் கவர்ந்தான். ஆகவே தம்முள் தகுதி மிக்க ஒருவனைத் தேர்ந்து, குற்றஞ் செய்வோரைக் கண்டிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்புவித்து, அதற்கு ஊதியமாகத் தம் நெல்லில் ஒரு பங்கை அளித்தனர். பெருமக்களால் ஏற்கப்பட்டவன் என்னும் பொருளில் அவன் மகாசம்மதன் எனப்பட்டான். இக்கதையில் அரசன் கடவுளின் கூறு அல்லன். வயல் காக்கும் பணிக்கு அமர்த்தப்பட்டவனே.

சங்கத் தமிழ் இதனை மற்றொரு பக்கத்திலிருந்து நோக்கிற்று. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. உணவு என்பது நிலமும் நீரும் கூடியதே. ஆதலால் நீர்நிலை அமைப்பவனே உயிரை அமைப்பவன் என்பது அதன் கருத்து. அரசனின் புகழ் நிலைக்க வேண்டுமாயின் குளந் தொடுதல் அவன் கடமை என வற்புறுத்தினார் புலவர்.

ஐரோப்பியர் இதே தொடர்பை ஐயக்கண் கொண்டு நோக்கினர். கீழைநாடுகளில் நீர்ப்பாசனம் என்னும் பெரும்பணியே நடுவண் ஆட்சிக்கு இடமளித்தது என 1853-ல் இந்தியாவைப் பற்றி எழுதினார் கார்ல் மார்க்ஸ். 1957-ல் கார்ல் விட்ஃபோகல் இதனை மேலும் விரித்து, பெருநீர்ப்பணி எங்குண்டோ அங்கே கொடுங்கோன்மை வேரூன்றும் என்றார். இக்கோட்பாட்டுக்கு மறுப்பு இலங்கைக் குளங்களை ஆராய்ந்தவரிடமிருந்து எழுந்தது. வன்னிக்குத் தெற்கே, அநுராதபுர மாவட்டத்துப் புல்எலியக் கிராமத்தில் 1954-ல் ஆய்வு செய்த எட்மண்ட் லீச் என்னும் மானிடவியலறிஞர், சிற்றூர்க் குளங்களை ஊராரே பேணி வருதலைக் கண்டார். பழைய பெருங்குளங்களும் பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்தனவே அன்றி, ஓர் ஆணையால் ஒருசேர எழுந்தன அல்ல என 1959-ல் அவர் வாதிட்டார்.

வன்னியின் வரலாறு இவ்விரு தரப்புக்கும் சான்று தருகின்றது. வன்னியர் எனப்பட்ட சிற்றரசர் நெடுங்காலம் இந்நிலத்தை ஆண்டனர். ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாக அளித்தனர். 1803-ல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அவ்வாண்டு ஒற்றோபர் 31-ல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றான். கோல் கைமாறிய பின்னரும் மாரி பொழிந்தது. குளத்துநீரைப் பங்கிடும் தேவையும் நீங்கவில்லை.

புதிய ஆட்சி 1832-ல் இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை நன்றே. ஆயின் உடைந்த குளக்கட்டை அடைக்க வாராதவனை வரச் செய்யும் வலுவும் அதனுடன் நீங்கிற்று. ஒருவன் வேலைக்கு வாராது நீரை மட்டும் பெறுவானாயின், அடுத்த ஆண்டில் எவன் மண்வெட்டி தூக்குவான்? இக்குறையை உணர்ந்த ஆட்சியினர், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால் பண்டைய ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தனர். பாசன விதானைமார் இம்முறையில் இடம்பெற்றனர். அவர்களுக்குரிய ஊதியம் கமக்காரர் விளைச்சலில் ஒரு பங்கு. மகாசம்மதனுக்கு அளந்த நெல் ஈண்டு நினைவுக்கு வருகின்றதன்றோ?

சிற்றூர்க் குளத்துக்கு இது போதும். கனகராயன் ஆற்றை மறித்தெழுந்த இரணைமடுவுக்குப் போதாது. 1902-ல் தொடங்கிய அப்பெரும்பணி அரசின் பணமும் பொறியியலும் இன்றி முடிந்திராது. ஆயினும் அங்கும் அரசின் ஆணை மட்டும் பயிர் விளைப்பதில்லை. காலபோகத்தில் குளம் நிறைந்து வான் பாயுமாயின் பூசல் இல்லை. சிறுபோகத்தில் நீர் குறைந்திருக்கும்போதே சோதனை வருகின்றது. எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எந்நாளில் திறப்பது, கடைக்கோடி வயலுக்கு எவ்வளவு நீர் என்பவற்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கின்றனர். அக்கூட்டத்தில் அரச அலுவலரும் கமக்காரரும் ஒருங்கிருப்பர்.

அண்மைக் காலத்தில் இவ்வினா கூர்மையடைந்தது. குடிநீர்த் தட்டுப்பாடு மிக்க யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் 2010-ல் வகுக்கப்பட்டது. சிறுபோகம் அழியும் என அஞ்சிய கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். தாகமுற்றவனின் உரிமை ஒருபுறம். தலைமுறையாக அந்நீரால் வாழ்ந்தவனின் உரிமை மறுபுறம். இரண்டும் நியாயமானவை. ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024-ல் திறக்கப்பட்டது. இப்பிணக்கு ஓர் உண்மையை விளக்கிற்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே எழும் வழக்கை ஓர் ஊரின் உடன்பாடு தீர்க்காது. அங்கே அரசு வேண்டும். ஆனால் நீருக்குரியோரைக் கேளாது அரசு செய்யும் தீர்ப்பும் நிலைக்காது.

ஆகவே, கோலின்றிக் குளம் உண்டோ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. குளம் சிறிதாயின் உடன்பாடு முன்னிற்கும். பெரிதாயின் கோல் முன்னிற்கும். எனினும் எவ்வளவு பெரிய குளத்திலும் கோலுக்கு உரிமை தருவது உடன்பாடே. நீர் நிறைந்த ஆண்டில் எந்த அரசும் நல்லரசாகவே தோன்றும். மழை பொய்த்த ஆண்டில், கடைக்கோடி வயலுக்குரியவனும் தன் பங்கு நேர்மையாக அளக்கப்பட்டது என ஒப்புவானாயின், அதுவே நல்லரசு.