சேப்பாக்கமும் நம்ம கிரவுண்டும்

நான் சிவில் இன்ஜினியர் என்பதால் கட்டடம் பற்றி ஏதாவது எழுதுவேன் என்று மலர்க் குழுவினர் நினைத்திருப்பார்கள். எழுதப்போவது கட்டடம்தான், ஆனால் சிமென்ட் கணக்கு இல்லை, ரன் கணக்கு. சேப்பாக்கம் ஸ்டேடியம்!

1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம் அது. எம்.ஏ.சிதம்பரம் பெயர் பின்னால் வந்தது. 1934 பிப்ரவரியில் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்திடம் 202 ரன்னில் தோற்றோம். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் மாட்ச்சும் அங்கேதான். மெட்ராஸும் மைசூரும் மோதின. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது.

1952 பிப்ரவரியில் பழைய கடன் தீர்ந்தது. அதே மைதானம், அதே இங்கிலாந்து. வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். ஒரு இன்னிங்ஸ் 8 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அதுதான்.

பிறகு வந்தவற்றைக் கேளுங்கள். 1983இல் கவாஸ்கர் 236 ரன் நாட் அவுட். பிராட்மேனின் 29 சதம் என்ற சாதனையைத் தாண்டிய 30ஆவது சதம். 1986இல் ஆஸ்திரேலியாவோடு டை. 348 வேண்டும், 347இல் எல்லோரும் அவுட்! டெஸ்ட் சரித்திரத்தில் இதுவரை நடந்த டை இரண்டே இரண்டு. மற்றது 1960இல் பிரிஸ்பேனில். 1988இல் ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். இந்திய மண்ணில் இந்தியர்கள் இதுவரை அடித்த டெஸ்ட் முச்சதங்கள் இரண்டும் (சேவாக் 319, 2008, கருண் நாயர் 303, 2016) இங்கேதான்.

1999 ஜனவரியில் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டினார்கள். ஸ்கோர் புத்தகத்தில் கைதட்டலுக்குத் தனிக் கட்டம் கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள் எழுதி வைத்ததால் அதுவும் சரித்திரமாகிவிட்டது.

2008 டிசம்பரில், நான் ஹாஸ்டலில் இருந்தபோது, அங்கேயே 387 ரன்னைத் துரத்தி இங்கிலாந்தை ஜெயித்தோம். சச்சின் 103 நாட் அவுட். டி.வி. ரூமில் நிற்க இடமில்லை. முடிந்ததும் எல்லோரும் பேட்டைத் தூக்கிக்கொண்டு நம்ம கிரவுண்டுக்கு ஓடினோம்.

அன்று அங்கே யார் எத்தனை ரன் அடித்தார்கள்? எங்கள் செட்டுக்கே நினைவில்லை. கல்வராயன் மலை கிராமங்களிலிருந்து வந்து, ஷூ இல்லாமல் பந்து போட்டே எதிர் அணியைச் சுருட்டிய பையன்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்கள் விக்கெட் கணக்கு எங்கே? ராம்சிங்கின் 11 விக்கெட் 1934இலிருந்து நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார் என்றுதானே அர்த்தம்!

ஆகையால் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய ஸ்கோர் நோட்டு, டீம் போட்டோ, சான்றிதழ் எது இருந்தாலும் சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். நகல் எடுத்து நூலகத்தில் வைப்போம். தம்பி தங்கைகளே, அடுத்த மாட்ச்சிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். ஜெயித்ததை மட்டும் இல்லை, தோற்றதையும் எழுதுங்கள்.