பாகவதரின் மறுவருகை: ‘ராஜமுக்தி’ (1948)

தமிழ்த் திரையிசையின் முதல் பெரும் பாடகர் மா. கி. தியாகராஜ பாகவதர் (1910–1959). ஏறத்தாழ முப்பது மாதச் சிறைவாசத்திற்குப் பின் அவர் நடித்துப் பாடி வெளிவந்த முதல் படம் ‘ராஜமுக்தி’. ஒரு பாடகரின் மறுவருகையைத் தமிழ்நாடு பெரிதும் எதிர்பார்த்துக் காத்திருந்ததற்கும், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாமல் போனதற்கும் இப்படம் முதன்மையான சான்றாகும்.

குரலின் எழுச்சி

மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். அவரது முதல் படம் ‘பவளக்கொடி’ (1934). அதற்கு முன்பே மேடையில் புகழ்பெற்றிருந்த பவளக்கொடி நாடகத்தை எழுதியவர், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ ஆகிய படங்கள் பாகவதரின் புகழைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றன. படம் பார்க்க இயலாதவர்களும் இசைத்தட்டு வழியே அவர் பாடல்களைக் கேட்டனர்.

சிறையும் காத்திருப்பும்

1944 நவம்பரில் ‘இந்து நேசன்’ இதழாசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். இவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையீடு சென்றது. வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர்.

பாகவதர் சிறைக்குள் இருந்த காலத்திலும் அவர் குரல் வெளியே ஒலித்துக்கொண்டேயிருந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதனால் ரசிகர்களின் ஏக்கம் தணியவில்லை, மாறாக வளர்ந்தது.

‘ராஜமுக்தி’

விடுதலைக்குப் பின் பாகவதர் சொந்தமாகத் தயாரித்த படம் ‘ராஜமுக்தி’. ராஜா சந்திரசேகர் இயக்கினார், சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார். பி. பானுமதி, வி. என். ஜானகி, எம். ஜி. ராமச்சந்திரன் ஆகியோர் உடன் நடித்தனர். படப்பிடிப்பு புனாவில் நடந்தது.

வசனம் எழுதப் புனா சென்றவர் சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன். இவரது சொந்த ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலி. ஸ்ரீவைகுண்டமும் அதே ஆற்றங்கரையில் அமைந்த ஊர். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது. புனாவில் காசநோய் முற்றிய புதுமைப்பித்தன், 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். படம் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

தோல்வியும் காரணங்களும்

படம் வெற்றி பெறவில்லை. பாகவதர் சிறையிலிருந்த காலத்தில் திரையுலகம் மாறத் தொடங்கியிருந்தது. நடிப்பவரே பாட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பின்னணிப் பாடல் முறை நீக்கி வந்தது. பாட்டுக்கு இருந்த இடத்தை வசனம் பிடித்தது. ‘வேலைக்காரி’ (1949), ‘பராசக்தி’ (1952) ஆகியவற்றின் வெற்றி இதை உறுதிப்படுத்தியது. பக்தியும் புராணமும் சார்ந்த இசைப்படங்களின் காலம் சுருங்கியது.

உடன் விடுதலையான கிருஷ்ணன், ‘நல்லதம்பி’ (1949) போன்ற சமூகக் கதைகளின் மூலம் மீண்டும் நிலைபெற்றார். எனவே சிறை சென்ற களங்கம் மட்டுமே பாகவதரின் வீழ்ச்சிக்குக் காரணம் எனக் கூற இயலாது.

பிற்காலம்

பின்னர் ‘அமரகவி’, ‘சியாமளா’ (1952), ‘புதுவாழ்வு’ (1957) ஆகியவை வெளிவந்தன. எதுவும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1-இல் பாகவதர் மறைந்தார். ‘சிவகாமி’ அடுத்த ஆண்டு வெளியானது. அவர் நடித்த 14 படங்களில் ஒன்பது சிறைக்கு முந்தியவை. மக்கள் நினைவில் நிற்பவை பெரும்பாலும் அந்த ஒன்பதே.

ஆயினும் அவர் பாணி மறையவில்லை. பாகவதரைப் பின்பற்றிப் பாடிப் பழகிய டி. எம். சௌந்தரராஜன், 1950-இல் ‘கிருஷ்ண விஜயம்’ வழியே திரைக்கு வந்தார். மக்கள் எதிர்பார்த்திருந்த குரலின் சாயல், அடுத்த தலைமுறையின் குரல் ஒன்றில் அவர்களிடம் திரும்பி வந்தது.