தோணியும் லயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் விரட்ட, தமிழகத்து உழவர் மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். கடல்மேல் அவர்களுக்கு வாய்த்த உறைவிடம் தோணி. அதில் நெருக்கியடித்து அமர்ந்து பாக்கு நீரிணையைக் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கியோரைக் காடு எதிர்கொண்டது. தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலி கொண்டன.

தப்பிப் பிழைத்தோருக்கு மாத்தளைத் தோட்டங்களில் காத்திருந்தது லயம். தொடக்கத்தில் மண் பூசிப் புல் வேய்ந்த குடிசை வரிசை. பின்னாளில் கற்சுவரும் தகரக் கூரையும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் ரப்பரும் அதனிடத்தைப் பிடித்தன. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. லயத்தின் விதி மட்டும் மாறவில்லை.

காரணம் வெளிப்படை. கூரை தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும். உரிமை கேட்கத் துணிந்த தொழிலாளியை அடக்க இதைவிடச் சிறந்த கருவி முதலாளிக்கு எது?

1948ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களின் குடியுரிமையை மறுத்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரைத் திருப்பியனுப்பத் தீர்மானித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை தந்தது. வீட்டடி நிலமோ இன்றும் பெரும்பாலோருக்குச் சொந்தமில்லை.

காலடி மண் தனதாகும்வரை, கல்லால் கட்டிய வீடும் கரைசேராத தோணியே.