ஒரே எழுத்தும் ஒரே பள்ளியும்

நம் நாட்டில் பார்வையற்ற சிறுவர்க்கெனத் தனிப் பள்ளி தோன்றியது 1887-ஆம் ஆண்டில். ஆனி ஷார்ப் என்னும் அம்மையார் அமிர்தசரஸ் நகரில் அதனைத் தொடங்கினார். மூன்றாண்டுகட்குப் பின் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் மற்றொன்றை நிறுவினார். எழுத்தே எட்டாதிருந்த பிள்ளைகட்கு இத்தகைய பள்ளிகள் விரல் நுனியில் எழுத்தைத் தந்தன. அவ்வுதவி பெரிது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பள்ளிகள் மிகச் சிலவே ஆதலின், பிள்ளைகள் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிரிந்து, தொலைவிலுள்ள விடுதியில் வளர நேர்ந்தது. அதற்கும் வழியற்றவர் கல்லாமலே இருந்துவிட்டனர்.

எழுத்திலும் பிரிவினை இருந்தது. பகுதிக்கொரு புள்ளி முறை வழங்கிற்று. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெய்ல் அமைந்தது. இதில் தமிழ்க் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் புள்ளிக் குறி ஒன்றே. கண்ணால் படிக்கும் நமக்கு அவை இரண்டு எழுத்துக்கள். விரலால் படிப்பவர்க்கோ ஒன்று! தில்லியில் வளரும் பார்வையற்ற தமிழ்ப் பிள்ளை, ஒரு முறை கற்ற குறிகளைக் கொண்டே தாய்மொழியையும் அண்டை வீட்டார் மொழியையும் படிக்கத் தொடங்கலாம்.

எழுத்து ஒன்றானதுபோல் பள்ளி ஒன்றாகிவிடவில்லை. உடற்குறையுள்ள பிள்ளைகளை இயன்றவரை பொதுப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டுமென 1964-66 கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. 1974-இல் மத்திய அரசு அதற்கெனத் திட்டம் வகுத்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழி செய்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்றது.

இச்சட்டங்களையும் திட்டங்களையும் மொழிபெயர்ப்போர்க்கு இங்கே ஒரு சொல் வேறுபாடு புலப்படும். முன்னையது ‘ஒருங்கிணைந்த கல்வி’. பின்னையது ‘உள்ளடக்கிய கல்வி’. முன்னதில் பள்ளி இருந்தபடியே இருக்கும். பிள்ளைதான் அதற்கேற்பப் பழக வேண்டும். பின்னதில் பள்ளியே பிள்ளைக்கேற்ப மாற வேண்டும். படிக்கட்டின் அருகே சாய்தளம், பிரெய்ல் நூல், சைகை மொழி அறிந்த ஆசிரியர் ஆகிய யாவும் அம்மாற்றத்தின் கூறுகள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது தயவு அன்று, கடமை என்பதே இதன் பொருள்.

நேயர்களே, அயல் மாநிலத்தில் வாழும் நாம், பள்ளியைத் தேடும்போது அங்கே தமிழ் வகுப்பு உண்டா என்று முதலில் கேட்கிறோம். பிறமொழி வகுப்பில் தனித்து அமர்வது எத்தகையது என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆகவே, சாய்தளம் உண்டா என்றும் கேட்போமாக. நம் பிள்ளைக்கு அது தேவைப்படாவிடினும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படலாம் அல்லவா?