அயல்நாட்டு வைத்தியக் கல்வி: முன்னோர் கல்லூரி தேர்ந்த வரலாறு



சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் தம் புதல்வியை உடனழைத்துக்கொண்டு எம் இல்லம் வந்தார். அப்பெண் வைத்தியக் கல்விக்குரிய நீட் தேர்வில் தகுதி பெற்றும் நம் நாட்டுக் கல்லூரிகளில் இடம் கிடைக்கப் பெறாதவள். தந்தையார் கையில் பிறநாட்டுக் கல்லூரிகள் மூன்றின் விளம்பர ஏடுகள் இருந்தன. மூன்றிலும் உயர்ந்த மாளிகைகளும் அழகிய பூங்காக்களும் வண்ணப் படங்களாக விளங்கின. "வாத்தியார் ஐயா, இருக்கிற நஞ்சையை விற்றுத்தான் இவளை அனுப்ப வேண்டும். இம்மூன்றில் எது நல்லதென்று தாங்களே சொல்ல வேண்டும்" என்றார் அவர். தமிழ் கற்பிக்கும் யாம் வைத்திய நூல் அறியோம். ஆயினும் வைத்தியம் கற்கப் பிறநாடு சென்றோர் முற்காலத்தும் பலர் உளராதலின், அவர்கள் கல்லூரியை எவ்வாறு தேர்ந்தனர் என்று ஆராய்ந்து கூறுவதாக வாக்களித்தோம். அங்ஙனம் யாம் கண்டவற்றுள் சிலவற்றை, இதே கவலையுடைய பிற குடும்பத்தார்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரைக் கூறுவோம். அந்நகரத்துச் சர்வகலாசாலை 1222-ல் தோன்றியது. உடற்கூற்று நூலைப் புதுப்பித்த வெசாலியஸ் பட்டம் பெற்றதும் ஆசிரியராக அமர்ந்ததும் அங்கேதான். இரத்த ஓட்டத்தின் உண்மையை 1628-ல் நூலாக வெளியிட்ட ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, தம் நாட்டுக் கேம்பிரிட்ஜில் முதற்பட்டம் பெற்ற பின்னரும் பாதுவாவை நாடிச் சென்றார். என்னை? இரத்தக் குழாய்களின் உள்ளே அமைந்த தடுக்கிதழ்களை ஆராய்ந்த பப்ரீசியஸ் என்னும் ஆசிரியர் அங்கே கற்பித்து வந்தார். பிணத்தை அறுத்துக் காட்டி விளக்குதற்கென்றே அமைத்த நிலையான அரங்கமும் அங்கே இருந்தது. கட்டடத்தின் பெருமை நோக்காது ஆசிரியரையும் கற்பிக்கும் முறையையும் நோக்கிச் சென்றார் என்பது இதனாற் புலப்படும். 1602-ல் அங்குப் பட்டம் பெற்று மீண்டவர், அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் வைத்தியப் பட்டத்தையும் பெற்றுக்கொண்டார். வெளியூர்ப் பட்டத்தைத் தாயகம் ஏற்குமாறு செய்துகொள்ள வேண்டும் என்பதை அப்பெரியார் அன்றே உணர்ந்திருந்தனர் போலும்.

பாதுவாவின் மற்றொரு சிறப்பு அதன் வாயில் பலர்க்கும் திறந்திருந்தமை. 1564-ல் போப்பரசர், கத்தோலிக்கச் சமயத்தை ஏற்று உறுதி கூறினோர்க்கே பட்டம் தரவேண்டுமென்று கட்டளையிட்டார். பாதுவாவை ஆண்ட வெனிசுக் குடியரசோ, வேற்றுச் சமய மாணாக்கரை இழக்க மனமில்லாது, 1616-ல் அவ்வுறுதிமொழி கேளாமல் பட்டம் தரும் தனி அமைப்பொன்றை ஏற்படுத்தியது. வேறிடங்களில் இடம் பெறாத யூதர்களும் அங்குக் கற்றுப் பட்டம் பெற்றனர். 'இக்கல்லூரி எம்மை ஏற்குமா?' என்பது தொன்றுதொட்டே எழுந்த முதல் வினாவாகும்.

நோயாளியின் படுக்கையருகே மாணாக்கரை நிறுத்திக் கற்பிக்கும் வழக்கம் பாதுவாவிலிருந்து ஆலந்து நாட்டு லெய்டன் நகரத்தை அடைந்தது. பாதுவாவிற் பயின்ற ஹியூர்னியஸ் அவ்வழக்கத்தை லெய்டனிற் கொணர முயன்றார். அவர் புதல்வர் 1636-ல் அதனை நடைமுறைப்படுத்தினார். பின்னர் ஹெர்மன் போர்ஹாவ் என்னும் பேராசிரியர் காலத்தில் லெய்டனின் புகழ் ஐரோப்பா முழுதும் பரவிற்று. அவர் கற்பித்த வைத்தியசாலையில் மாணாக்கர்க்கென ஒதுக்கியிருந்த படுக்கைகள் பன்னிரண்டே. ஆடவர்க்கு ஆறு, பெண்டிர்க்கு ஆறு. அப்பன்னிரண்டு படுக்கைகளைக் காணவே பல தேசத்து இளைஞர் கடலும் மலையும் கடந்து வந்தனர். படுக்கையின் தொகையினும் ஆசிரியர் மாணாக்கனை அங்கே நிறுத்தி நோயைக் காட்டுதலே சிறந்தது என்க.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. அப்போர்ஹாவ் தாம் வைத்தியப் பட்டம் பெற்றது லெய்டனில் அன்று. 1693-ல், செலவு குறைந்த ஹார்டர்வைக் என்னும் சிற்றூர்ச் சர்வகலாசாலையிலே பெற்றார். சுவீடன் தேசத்துத் தாவர நூலறிஞர் லின்னேயஸும் 1735-ல் அவ்வூருக்குச் சென்று சில நாட்களிலேயே பட்டத்துடன் மீண்டார். இவர்கள் முன்னரே கற்றுத் தெளிந்தவர்கள்; பட்டம் இவர்கட்கு முத்திரை மாத்திரமே. இதனைக் கண்டு, 'மலிந்த இடத்தில் விரைந்து பட்டம் பெற்றால் நாமும் போர்ஹாவ் ஆகலாம்' என்று ஒருவர் எண்ணின் அது பேதைமையாம். அக்காலத்தே ஸ்காத்லாந்து நாட்டுச் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலை, அங்கே ஒரு நாளும் பயிலாதவர்க்கும் பிறர் தந்த நற்சான்றைக் கொண்டு வைத்தியப் பட்டம் வழங்கி வந்தது. பிற்காலத்துப் பிரெஞ்சுப் புரட்சியிற் பேர்பெற்ற மாரா என்பவர் 1775-ல் அவ்வாறு பட்டம் பெற்றவரே. பட்டம் வேறு, கல்வி வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அதே ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரம் வேறு நெறியை மேற்கொண்டது. 1726-ல் அங்கே வைத்தியப் பகுதியை நிறுவியபோது ஆசிரியராக அமர்ந்த நால்வரும் லெய்டனிற் பயின்றவர்கள். 1729-ல் ஒரு சிறு வீட்டில் ஆறு படுக்கைகளோடு வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1748-ல் அவ்வைத்தியசாலையிலேயே நோயாளியை முன்வைத்துப் பாடம் சொல்லும் முறை தொடங்கிற்று. ஆங்கிலத் திருச்சபையைச் சேராதார்க்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் சமய உறுதி கேட்டுத் தடை செய்த அந்நாளில், எடின்பரோ அத்தகைய தடை செய்திலது. அமெரிக்காவினின்றும் ஜான் மார்கன் அங்கு வந்து 1763-ல் பட்டம் பெற்று, மீண்டு சென்று 1765-ல் பிலடெல்பியாவில் வைத்தியக் கல்லூரியைத் தோற்றுவித்தார். பாதுவாவில் ஏற்றிய விளக்கு லெய்டனையும் எடின்பரோவையும் கடந்து பிலடெல்பியாவை அடைந்த வழி இதுவே. ஒவ்வோரூரிலும் அவ்விளக்கை ஏந்தியவர் பிறநாடு சென்று கற்று மீண்ட மாணாக்கரே.

இனி, பெண்மக்கள் வரலாற்றை நோக்குவோம். வைத்தியம் கற்க விரும்பிய ஐரோப்பியப் பெண்டிர்க்குத் தம் நாட்டு வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் 1867-ல் ருசியப் பெண்மணி நடேஷ்டா சுஸ்லோவா வைத்தியப் பட்டம் பெற்றதும், ருசிய மகளிர் பலர் அங்கே சென்று குழுமினர். 1873-ல் ருசிய அரசாங்கம், 1874-ஆம் ஆண்டு தொடங்கிய பின்னும் ஜூரிச்சில் தங்குவோர்க்குத் தாயகத்தில் தேர்வெழுதவோ உத்தியோகம் பெறவோ இடமில்லை என்று ஆணை பிறப்பித்தது. கல்லூரியின் குற்றம் ஒன்றுமில்லை, மாணவிகளின் குற்றமும் ஒன்றுமில்லை, தாயகத்துச் சட்டம் மாறிற்று, அவ்வளவே. பலர் பாதியில் ஊர் மாற நேர்ந்தது.

இங்கிலாந்திலும் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் பிறநாட்டுப் பட்டத்தைப் பதிவேட்டில் ஏற்க மறுத்தது. எடின்பரோவிற் சேர்ந்து பட்டம் மறுக்கப்பெற்ற சோபியா ஜெக்ஸ் பிளேக் அம்மையார், 1877-ல் பெர்ன் நகரப் பட்டம் பெற்றும், அது தம் நாட்டில் செல்லாமையால், அவ்வாண்டிலேயே அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் மீண்டும் தேர்வெழுதிய பின்னரே பதிவு பெற்றார். நம் சென்னைக்கும் இதில் ஒரு பெருமையுண்டு. 1875-ல் சென்னை வைத்தியக் கல்லூரி மேரி ஷார்லீப் முதலிய நால்வர் பெண்டிரைச் சேர்த்துக்கொண்டது. ஆங்கில மாதொருவர் தம் நாட்டிற் பெறாத கல்வியை முதலிற் சென்னையிலே பெற்றார் என்பதை நம் சிறார் அறிதல் வேண்டும்.

இறுதியாக ஆனந்திபாய் ஜோஷியின் வரலாறு. மராத்திய நாட்டிற் பிறந்த இவ்வம்மையார், தாம் பெற்ற மகவைப் பத்தே நாளில் இழந்த துயரால் வைத்தியம் கற்கத் துணிந்து, 1883-ல் தம் பதினெட்டாம் வயதிற் கல்கத்தாவினின்று கப்பலேறினார். மகளிர்க்கெனவே 1850-ல் நிறுவப்பெற்ற பிலடெல்பியா மகளிர் வைத்தியக் கல்லூரியை அவர் தேர்ந்தமை சிறந்த தேர்வே. அமெரிக்க அம்மையார் ஒருவர் தாய்போல் ஆதரவும் தந்தனர். 1886-ல் பட்டம் பெற்றார். கோலாப்பூர் வைத்தியசாலையில் உத்தியோகமும் காத்திருந்தது. ஆனால் குளிரிலும் ஒவ்வாத உணவிலும் நலிந்த உடலைக் காசநோய் பற்றியது. 1887 பிப்ரவரி 26-ல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன், பூனாவில் உயிர் நீத்தார். கல்லூரியை நன்கு தேர்ந்தார். கல்வியையும் நன்கு முடித்தார். தாயகத்தில் வைத்தியத் தொழில் புரியும் நாள்தான் அவருக்கு வாய்க்கவில்லை. இதனைப் படித்தபோது எம் முன் அமர்ந்திருந்த அப்பெண்ணின் முகமே நினைவுக்கு வந்தது.

ஆகவே பத்தாம் நாள் மீண்டு வந்த அன்பரிடம் யாம் நான்கு வினாக்களையே தந்தோம். வாயில் உண்மையாகவே திறந்துளதா? மாணாக்கன் நோயாளியின் அருகே நிற்க வைத்தியசாலை உளதா? அப்பட்டம் நம் நாட்டிற் செல்லுமா? பிள்ளையின் உடலும் உள்ளமும் அத்தேசத்தைத் தாங்குமா? மூன்றாம் வினாவுக்கு விடை சட்டத்திலேயே உளது. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு 54 மாதத்திற் குறையாமலும் ஆங்கிலத்திலும் நடைபெறல் வேண்டும். அதே கல்லூரியில் 12 மாத வைத்தியசாலைப் பயிற்சி வேண்டும். அந்நாட்டார்க்கு உரிய தொழில் உரிமைக்கு நிகரான உரிமையை அப்பட்டம் அங்கே தருதல் வேண்டும். பின்னர் இந்நாட்டில் தகுதித் தேர்வும் உண்டு. 2023 டிசம்பர்ப் பருவத்திற்குரிய அத்தேர்வை எழுதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே தேறினர். 2022-ல் உக்ரைனிற் போர் மூண்டு ஆயிரக்கணக்கான நம் மாணாக்கர் படிப்பை இடையில் விட்டு மீண்டதையும் நாம் அறிவோம். ஜூரிச் மகளிர்க்கு நேர்ந்த தத்தளிப்பு இவர்களுக்கும் நேர்ந்தது.

அன்பர் அவ்வேடுகளைப் புரட்டிப் பார்த்தார். வைத்தியசாலையைப் பற்றி இரண்டில் ஒரு வரியும் இல்லை. அவ்விரண்டையும் எம் திண்ணையிலேயே வைத்துவிட்டு, மூன்றாவதனை மட்டும் அப்பெண் எடுத்துக்கொண்டு, விசாரித்துக் கடிதம் எழுதுவதாகச் சொல்லிச் சென்றாள். நிலத்தை இன்னும் விற்கவில்லை.

பிறநாட்டில் வைத்தியம் பயிலும், அல்லது பயின்று மீண்ட, பிள்ளைகளையுடைய சங்கத்துக் குடும்பங்கள் நம்மிடையே பல உள. அவர்கள் கண்ட உண்மையை, நல்லதாயினும் தீயதாயினும், இந்நான்கு வினாக்களுக்கும் விடையாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவார்களாயின், இனி நிலம் விற்கத் துணியும் தந்தைமார்க்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை. அக்கடிதங்களைத் தொகுத்து வைக்கும் பணியை யாமே ஏற்றுக்கொள்கின்றோம்.