திலாவா கப்பலும் நம் தோல் ஊர்களும்

மலருக்குத் தோல் தொழிலின் வரலாறு எழுதச் சொன்னார்கள். அதை என்னைவிட விவரமாக எழுதக்கூடிய முன்னாள் மாணவர்கள் நம்மிடம் நிறையப் பேர் உண்டு. ஆகவே நான் அந்தச் சரக்கைச் சுமந்த கப்பல்காரர்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு அது தேவைப்பட்டதால் 1916-ல் அரசாங்கமே வாங்கத் தொடங்கியது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கியது. தோல் போவதும் கடல் வழி, பட்டை வருவதும் கடல் வழி. போர்க்காலத்தில் நம்ம ஊருக்கு யோகம் என்பார்களே, அந்த யோகத்தின் மறுபாதி கடலில் இருந்தது.

'எம்டன்' என்ற சொல்லை இன்றும் பேச்சில் வைத்திருக்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தைச் சுட்டபோது, 'சுப்ரா' என்ற வணிகக் கப்பலில் குண்டுபட்டு மாண்ட இளம் பயிற்சி மாலுமியை எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாம் போரில் நிலைமை இன்னும் மோசம். 'லாஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிக்கு 1939-ல் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் கால்பங்குகூட இல்லை. நீராவிக் கப்பலின் கொதிகலன் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். டார்பிடோ தாக்குவதும் அங்கேதான். பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கிருந்து ஏணி ஏறித் தப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க. அந்தப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,600 பேர்.

1942 நவம்பர் 20-ல் பம்பாயிலிருந்து 'திலாவா' கிளம்பியது. மொம்பாசா வழியாக டர்பன் போகவேண்டிய கப்பல். பயணிகள் 732, சிப்பந்திகள் 222. 23-ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 தாக்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. படகில் இறங்கியவர்களில் சிலர் திரும்பவும் ஏறினார்கள். அப்புறம் இரண்டாவது டார்பிடோ. ரேடியோ அதிகாரி டங்கன் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே கப்பலோடு போனார். இரண்டு நாள் கழித்து 'பர்மிங்காம்' என்ற போர்க்கப்பல் வந்து பெரும்பாலானோரைக் காப்பாற்றியது. மாண்டவர் 280 பேர்.

இதே ஐ-29 தான் 1943 ஏப்ரலில், மடகாஸ்கர் அருகே, நேதாஜியை ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஏற்றிக்கொண்டது! நேதாஜி கதையை ஆர்வமாகப் படிக்கிற நாம் திலாவாவைப் படிப்பதில்லை.

ஆனால் அந்தக் கப்பலில் இருந்த வெள்ளியை யாரும் மறக்கவில்லை. சரியாக 2,364 கட்டிகள். தென்னாப்பிரிக்க நாணயச் சாலைக்குப் போனவை. 2017-ல் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. எடுக்கக் கூலி யார் தருவது என்பதுவரை வாதாடினார்கள். அந்தக் கப்பலின் இந்தியச் சிப்பந்திகளில் ஒருவர் பெயராவது நம் மாணவர்கள் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலாவது உண்டா?

பெயர்கள் இல்லாமல் இல்லை. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத அந்த மாலுமிகளின் பெயர்ப்பட்டியல் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டது. மும்பையில் மசூதி பந்தர் பக்கம் உள்ள மாலுமிகள் இல்லத்தில் முதல் போரில் இறந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. தோல் ஏற்றுமதி வேலையாக மும்பை போகும் தம்பிகள் ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.